கண்ணோட்டமும் நியாயமும்

குடும்பத்தில் ஒரு பெரிய காரியத்தைத் தீர்மானிக்க வேண்டி வரும்போது, அது பெண்ணைக் கொடுப்பதானாலும் பூர்விக நிலத்தை விற்பதானாலும், பேச்சு சூடேறும் தருணத்தில் பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி, "உணர்ச்சிவசப்பட வேண்டாம், நிதானமாக யோசியுங்கள்" என்று சொல்ல நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த வார்த்தையில் உலக அனுபவத்தின் சாரம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. கோபத்தில் எழுதிய ஒரு கடிதத்துக்காகவும் ஆசையில் வாங்கிய ஒரு கடனுக்காகவும் ஆயுள் முழுவதும் வருந்தியவர்களை அறியாதவர் யார்? ஆனால் அந்த வார்த்தைக்கு அடியில் ஒரு சித்திரம் மறைந்திருக்கிறது. புத்தி என்பது உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்திருக்கும் நியாயாதிபதி, உணர்ச்சி என்பது கச்சேரி வாசலில் கூச்சலிடும் கும்பல், வாசற்கதவை இறுகச் சாத்திவிட்டால் உள்ளே நியாயம் தானாகப் பிறந்துவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்தச் சித்திரத்தில் எங்கோ பிழை இருக்கிறது என்று எனக்கு முதன்முதலில் உணர்த்தியது சிலப்பதிகாரத்தில் நடக்கும் ஒரு கொலை.

கதை எல்லோரும் அறிந்ததுதான். எனினும் அதில் தீர்மானம் பிறந்த நாழிகையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பாண்டியன் நெடுஞ்செழியனின் அவையில் ஆடல் மகளிரின் கூத்து நடக்கிறது. அரசனுடைய சித்தம் அதில் லயித்துவிட்டதைக் கண்ட கோப்பெருந்தேவி, தலைநோவு என்று ஒரு சாக்கை வைத்துக்கொண்டு ஊடலோடு எழுந்து போய்விடுகிறாள். அவளைத் தணிக்கும் அவசரத்தில், ஆலோசனைக்குரிய மந்திரச் சுற்றத்தை விட்டு நீங்கி, அரசன் தேவியின் மாளிகையை நோக்கி நடக்கிறான். அங்கே வாசலில், காணாமற்போன அரசியின் சிலம்பைத் திருடியவன் தன் குடிலில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, உண்மையில் அதைத் திருடியவனான பொற்கொல்லன் காலில் வந்து விழுகிறான். ஊர்க்காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று அதைக் கொண்டு வாருங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அரசன் உள்ளே போகிறான். ஒரு மனிதனுடைய உயிருக்குச் செலவிடப்பட்ட ஆராய்ச்சி அவ்வளவுதான்.

இந்தக் கட்டளையைத் தருக்க நூலாரின் கண்கொண்டு பார்த்தால் அதில் தர்க்கம் இல்லாமல் இல்லை என்பதுதான் ஆச்சரியம். திருடனைத் தண்டிப்பது அரசநீதி; இவன் திருடன்; ஆகவே இவனைத் தண்டிப்பது அரசநீதி. பிற்பாடு கொலையுண்ட கோவலனின் மனைவி கண்ணகி வந்து நின்றபோதுகூட அரசன் தன் பக்கத்து நியாயமாக எடுத்துரைப்பது இதைத்தான். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் ஆகாது என்பது அவனுடைய வாதம். வாதத்தின் அமைப்பில் குற்றம் காண முடியாது. கைக்குள் சிலம்பு இருப்பதே களவுக்குப் போதிய ஹேது என்று கொண்ட இடத்தில்தான் அது உடைந்து கிடக்கிறது. புத்தி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஆனால் அதன் கையில் கொடுக்கப்பட்ட சரக்கு பொய்ச் சரக்கு. சரக்கைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற கவலை அந்த நேரத்தில் அரசனின் உள்ளத்தில் எழவில்லை. ஊடல் தணிக்கும் ஆவல் அந்தக் கவலையைத் தின்றுவிட்டது என்று சொல்லி, "பாருங்கள், உணர்ச்சி நியாயத்தைக் கெடுத்தது" என்று இங்கேயே பாடத்தை முடித்துக்கொள்ளலாம். அதற்கு அடுத்த காட்சி நம்மை அப்படி முடிக்க விடுவதில்லை.

மனைவியின் சிலம்பை விற்க வந்திருந்த கோவலன் இருந்த இடத்துக்குக் காவலர்கள் வருகிறார்கள். சிலம்பு பார்க்க வந்தவர்கள் என்று பொற்கொல்லன் அவர்களை அவனுக்கு அறிமுகம் செய்கிறான். அவர்களோ சிலம்பைப் பார்ப்பதற்கு முன்னால் மனிதனைப் பார்க்கிறார்கள். பார்த்தவர்கள், இவனுடைய இலக்கணத்தைக் கண்டால் இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று சொல்கிறார்கள். ஆயுதம் ஏந்துவதே பிழைப்பாகக் கொண்டவர்கள், இரவு முழுதும் திருடர்களின் காலடியைத் தேடித் திரிகிறவர்கள், அரச கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கிறார்கள். அவர்களிடம் சாட்சி இல்லை, சான்று இல்லை, வாதம் இல்லை. எதிரே இருந்த முகத்தைக் கண்டபோது உள்ளத்தில் ஏதோ ஒன்று தடுத்தது, அவ்வளவுதான். அன்றைக்கு மதுரை நகரத்தில் கோவலனைப் பற்றி அதிகார பீடத்தோடு சம்பந்தப்பட்டவர்களின் வாயிலிருந்து வந்த உண்மையான வாக்கியம் அது ஒன்றே.

அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவைத்தது எது? கோபமன்று, பயமும் அன்று. ஒரு சாஸ்திரப் பிரசங்கம். பொற்கொல்லன் அவர்களை இகழ்ந்து நகைத்து, களவு நூல் கற்றவர்களுக்குத் துணையாவன எட்டு என்று விரல் மடக்கத் தொடங்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் உண்டு, உதாரணம் உண்டு. சாதுவைப் போல் காணப்படுவதே கைதேர்ந்த கள்வனுக்கு அடையாளம் என்று அந்த வாதம் நிறுவிவிட்ட பிறகு, கோவலனுடைய முகத்தில் கண்ட நன்மையே அவனுக்கு எதிரான சாட்சியாக மாறிவிடுகிறது. கூட இருந்த இளைஞன் ஒருவன், கார்காலத்து நள்ளிருளில் தன் வாளையே பறித்துக்கொண்டு மாயமாய் மறைந்த ஒரு திருடனின் கதையைத் தன் அனுபவமாகச் சொல்கிறான். சாஸ்திரமும் அனுபவமும் சேர்ந்துவிட்டன. இனித் தயங்குவதற்கு அறிவுள்ளவர்களிடம் என்ன இருக்கிறது? அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கல்வியறிவில்லாத ஒரு குடிகாரக் காவலன் வாளை வீசிவிடுகிறான். வெட்டியவன் அவனானாலும், கையைத் தடுத்திருக்கக்கூடிய மற்றவர்களின் உள்ளத்தை முன்னதாகவே வெட்டிச் சாய்த்தது அந்த எட்டு விரல் கணக்கு. இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கலங்குகிறது. ஏனெனில் நம் காலத்து அநியாயங்களில் எத்தனையோ, வாளெடுத்தவனின் வெறியினால் அல்லாமல், தயங்கியவர்களின் தயக்கத்தைச் சாமர்த்தியமாகத் தீர்த்துவைத்த வாதங்களினாலேயே நடந்தேறுகின்றன.

ஆகவே உணர்ச்சியையே நம்பலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காவலர்கள் கண்டது என்ன? செல்வக் குடியில் பிறந்த ஒருவனுடைய களையான முகத்தையும் அங்க லட்சணத்தையும். அதே இடத்தில் அதே சிலம்போடு, வெயிலில் கருகி, பசியில் கன்னம் ஒட்டிப்போன ஒரு கூலிக்காரன் உட்கார்ந்திருந்தால், அவர்களுடைய உள்ளம் அவனுக்காகத் தடுத்திருக்குமா? முகத்தைப் பார்த்து எழும் இரக்கத்துக்கும் முகத்தைப் பார்த்து எழும் வெறுப்புக்கும் ஊற்று ஒன்றே; ஜாதியையும் நிறத்தையும் உடையையும் பார்த்து மனிதனை அளந்துவிடும் கொடுமைக்கும் நாம் 'உள்ளுணர்வு' என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். அப்படியானால் அந்தக் காவலர்கள் செய்திருக்க வேண்டியது யாது? அவனை விட்டுவிடுவதும் அல்ல, வெட்டுவதும் அல்ல, அரச வாசலுக்குத் திரும்பிப் போய், "மகாராஜா, எங்கள் மனம் ஒப்பவில்லை, ஒரு முறை தாங்களே பார்க்க வேண்டும்" என்று விண்ணப்பித்துக்கொள்வது. உள்ளம் தடுக்கும்போது அது தீர்ப்புச் சொல்லவில்லை, விசாரணை கேட்கிறது. அந்த விண்ணப்பத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது ஒரு பேதைமை. விண்ணப்பத்தையே கிழித்துப் போடுவது அதைவிடப் பெரிய பேதைமை.

கண்ணகியைப் பாருங்கள். ஒற்றைச் சிலம்பும் விரிந்த கூந்தலும் கண்ணீருமாக அவள் அவைக்களத்தில் வந்து நிற்கும்போது, அந்த மண்டபத்தில் அவளைப்போல் உணர்ச்சியின் உச்சியில் இருந்தவர் வேறு எவருமில்லை. அப்படி இருந்தும், அங்கே சான்றைக் கேட்கச் செய்தவள் அவள் ஒருத்தியே. என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள். எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன். சிலம்பு கொண்டுவரப்படுகிறது, உடைக்கப்படுகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. பிரத்தியட்சப் பிரமாணத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை எந்த நியாய நூலிலும் நான் கண்டதில்லை. துக்கம் அவளுடைய புத்தியை மழுக்குவதற்குப் பதிலாக ஊசி முனையைப்போல் ஒரு புள்ளியில் நிறுத்தியது. கணவன் மீது சுமத்தப்பட்ட பழியை ஏற்க முடியாத அந்த அன்புதான், சிலம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியைப் பிறப்பித்தது. நிதானமாக இருந்த அரசவைக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. தன் ஊர்ப் பெருமையைச் சொல்லும்போது அவள் எடுத்துக்காட்டும் இரண்டு அரசர்களையும் கவனிக்க வேண்டும்: புறாவுக்காகத் தன் சதையை அரிந்து தராசில் வைத்தவன் ஒருவன்; கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவன் மற்றொருவன். கருணைக்கு உதாரணமானவன் தராசைத் தேடுகிறான். நியாயத்துக்கு உதாரணமானவன் ஒரு பசுவின் கண்ணீரைக் காண்கிறான். பின்னர் மதுரையை எரிக்கச் சொல்லும் வெஞ்சினத்திலும், முதியோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் அறவோரையும் விலக்கிவிடு என்று அவள் அக்கினிக்கு வரையறை செய்து கொடுக்கிறாள். (அந்த எரிப்பு நியாயமா என்பது வேறு வழக்கு, அதை இங்கே எடுத்தால் இந்தக் கட்டுரை முடியாது.)

வள்ளுவரிடத்தில் இதே பிரச்னை வேறொரு வடிவத்தில் இருப்பதை வெகு காலம் நான் கவனிக்காமலே இருந்தேன். செங்கோன்மை என்பது 55ஆம் அதிகாரம். அதன் முதற் குறளிலேயே, குற்றத்தை ஆராய்ந்து, யாரிடத்தும் கண்ணோடாமல், நடுநிலை பிறழாது செய்வதே முறை என்று விதிக்கிறார். மூன்று அதிகாரம் தள்ளி, 58ஆவது அதிகாரத்துக்குக் கண்ணோட்டம் என்றே பெயர்; அந்தக் கண்ணோட்டம் என்னும் பேரழகு இருப்பதனால்தான் உலகம் இருக்கிறது என்று அங்கே தொடங்குகிறார். இது துறவிக்கோ இல்லறத்தானுக்கோ சொல்லப்பட்ட அதிகாரம் அன்று. பொருட்பாலில், அரசியலில், அரசனுக்குச் சொல்லப்பட்டது. முன்னே கூடாது என்று விலக்கியதை, அதே சொல்லை வைத்துக்கொண்டே, பின்னே வேண்டும் என்று விதிப்பாரா? அதே அதிகாரத்தில், காரியம் கெடாதபடி கண்ணோட வல்லவர்களுக்கு உரியது இவ்வுலகம் என்று ஒரு குறள் வருகிறது. முடிச்சு அங்கே அவிழ்கிறது. வேண்டியவன் என்பதற்காகத் தீர்ப்பைச் சாய்ப்பதும் கண்ணோடுதல்தான். எதிரே நிற்பவன் மீது கண் பொருந்தி, அவன் யார், அவனுக்கு என்ன நேர்ந்தது என்று காண்பதும் கண்ணோடுதல்தான். முன்னது பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறது. பின்னது முடிவு செய்வதற்கு முன்பு பார்க்கச் சொல்கிறது. சொல்லே வழி காட்டுகிறது: கண் ஓட வேண்டும். நெடுஞ்செழியனுடைய கண் கோவலன் மேல் ஒரு கணமும் ஓடவில்லை.

நம் முன்னோர் காவியத்திலும் குறளிலும் கண்டதற்கு உடலியலின் பக்கத்திலிருந்தும் ஒரு சாட்சி வந்திருக்கிறது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அந்தோனியோ டமாசியோ என்ற நரம்பியல் மருத்துவர், 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டெகார்ட்டின் பிழை' என்னும் நூலில், மூளையின் முன்பகுதியில் சேதமடைந்த சில நோயாளிகளைப் பற்றி விவரிக்கிறார். அவர்களுடைய ஞாபகசக்தி குறையவில்லை, கணக்குப் போடும் திறனும் தர்க்கிக்கும் திறனும் குறையவில்லை. குறைந்தது உணர்ச்சி மட்டுமே. அவர்களில் ஒருவரிடம், அடுத்த முறை வருவதற்கு இந்த நாள் வசதியா, அந்த நாள் வசதியா என்று இரண்டு தேதிகளைச் சொல்லிக் கேட்கிறார். நோயாளி தம் நாட்குறிப்பை எடுத்து, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைகள், வானிலை என்று ஒவ்வொரு தேதிக்கும் சாதகமும் பாதகமுமாக ஏறக்குறைய அரை மணி நேரம் அடுக்கிக்கொண்டே போகிறார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்றும் அசட்டுத்தனமானதல்ல. ஆனால் 'போதும், இது அற்பக் காரியம்' என்று சொல்ல வேண்டிய ஒன்று அவருக்குள் மௌனமாகிவிட்டிருந்தது. கடைசியில் மருத்துவரே இரண்டாவது தேதிக்கு வரும்படி சொல்ல, அவர் மிகச் சாதாரணமாகச் சம்மதித்துப் புறப்பட்டுவிடுகிறார். கடோபநிஷத்தும் இதையே காட்டுகிறது; உடலைத் தேராகவும் புத்தியைச் சாரதியாகவும் மனத்தைக் கடிவாளமாகவும் இந்திரியங்களைக் குதிரைகளாகவும் உருவகிக்கும்போது, குதிரைகளை அடக்கச் சொல்கிறதே தவிர, அவற்றை அவிழ்த்து விட்டுவிட்டுச் சாரதி மட்டும் ஊர் போய்ச் சேரலாம் என்று சொல்லவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். குருக்ஷேத்திரத்தில் அர்ச்சுனன் வில்லை நழுவ விட்டது உறவினரைக் கண்ட கலக்கத்தினால். ஆனால் அவன் வாயிலிருந்து வந்ததோ குலதர்மம் அழியும், பித்ருக்கள் பிண்டம் இழப்பார்கள் என்ற சாஸ்திரோக்தமான காரணங்கள். உணர்ச்சி நியாயத்தின் வேஷம் பூண்டு வருவது அப்படித்தான். அந்த வேஷத்தைக் கலைப்பதற்கு வேண்டிய கூர்மை புத்திக்கே உரியது. அத்தனை உபதேசத்துக்குப் பிறகும், இதை முற்றிலும் ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று கண்ணன் தீர்மானத்தை அவனிடமே விட்டுவிடுவதில், எனக்குக் கீதையின் மற்ற எந்தப் பகுதியைக் காட்டிலும் ஈடுபாடு அதிகம்.

சொந்த அனுபவம் ஒன்று. என் தாயார் எண்பத்தொரு வயதில் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது, ஆபரேஷன் செய்வதா, படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதா என்று இரண்டு நாளில் முடிவு சொல்லும்படி மருத்துவர் கேட்டார். நான் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்புறத்தில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் வயது, இருதயம், மயக்க மருந்தின் அபாயம், செலவு என்றும், மறு பக்கம் படுக்கைப்புண், நுரையீரலில் சளி கட்டுதல், ஆள் வசதி என்றும் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத எழுத, நான் ஒரு பொறுப்புள்ள மகன் என்ற திருப்தி எனக்கு உண்டாயிற்று என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். என் அக்கா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, முறியாத காலின் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. "ஏண்டா, அம்மாவைக் கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை. அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது, பேச்சு இருந்தது. எனினும் அந்தத் தாளில் அவளுக்கு இடமில்லாமல் போயிருந்தது. நான் குனிந்து கேட்டபோது அவள் வெகு நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, "யார் கையையும் பிடிக்காம கொல்லைப்பக்கம் போய் வரணும். அது முடியுமான்னு டாக்டரைக் கேளு" என்றாள். பிழைப்பேனா என்றும் வலிக்குமா என்றும் அவள் கேட்கவில்லை. மறுநாள் நான் அதையே கேட்டேன். ஆபரேஷன் நன்றாக நடந்தால் நடப்பார், ஆனால் தடி இல்லாமல் முடியாது என்றார் மருத்துவர். அதை வந்து சொன்னேன். "தடி யார் கையும் இல்லையே, சரி" என்றாள் அம்மா. அதற்கு மேல் அந்தத் தாளுக்கு வேலை இருக்கவில்லை. நான் எழுதியவற்றில் எதுவும் பொய்யல்ல; அத்தனையும் உண்மை, அத்தனையும் அவசியம். எல்லாவற்றுக்கும் முதலில் எழுதியிருக்க வேண்டிய ஒரு வரியை, பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தவள் கண்டுகொண்டாள், கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் காணவில்லை.

அக்காவை நினைக்கும்போது எனக்கு மணிமேகலையின் நினைவு வருகிறது. தர்க்கத்துக்குத் தமிழில் அந்தக் காவியத்தைப்போல் மரியாதை செய்த காவியம் வேறில்லை. அதன் நாயகி மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பிரமாணங்களின் இலக்கணமும், மெய்யான ஏது, அதாவது ஹேது, எது, போலியான ஏது எது என்ற நுட்பமும் 29ஆம் காதையில் விரித்துரைக்கப்படுகின்றன. கவிதையை நாடிச் சென்றவர்கள் அந்தக் காதையில் அலுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிடுவதுண்டு, நான் அலுத்ததில்லை. ஆனால் அதை இயற்றிய சாத்தனார் அந்த உபதேசத்தை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். மணிமேகலை காஞ்சிக்குள் நுழையும்போது அந்த நகரம் மழை பொய்த்துப் பஞ்சத்தில் வாடிக்கிடக்கிறது. அவள் கையில், அள்ள அள்ளக் குறையாத உணவுப் பாத்திரமான அமுதசுரபி இருக்கிறது. அதைப் பீடத்தின் மேல் வைத்து, பசித்த உயிர்களெல்லாம் வருக என்று அழைக்கிறாள். குருடரும் செவிடரும் முடவரும் ஆதரவற்றோரும் திரள் திரளாக வந்து உண்கிறார்கள். அளவைகள் இவை, ஏதுக்கள் இவை என்று அவளுடைய குருவான அறவண அடிகள் அவளுக்குச் சொல்லத் தொடங்குவது, அவர்கள் உண்டு பசியாறிய பிறகு.